கோடைப் பயணத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

ஆசிரியருக்குக் கோடை விடுமுறை நீளம்தான். ஆனால் அதன் இரண்டு முனைகளும் ஆணியடித்து வைத்தவை. வேறு வேலையில் இருப்பவர் பயணக் களைப்பு தீரவில்லை என்றால் ஒரு நாள் கூடுதலாக விடுப்பு சொல்லிவிடலாம். பள்ளி திறக்கும் அன்று வகுப்பாசிரியர் இல்லையென்றால், அந்த வகுப்பின் பழக்கவழக்கங்களை மாற்று ஆசிரியர் தன் போக்கில் உருவாக்கிவிடுவார். அதைத் திருத்த ஒரு மாதம் ஆகும். ஆகவே கிளம்பும் தேதியில் ஆரம்பித்துத் திட்டம் போடக் கூடாது. வேலைக்குத் திரும்பும் தேதியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

அந்தத் தேதி எது என்பதிலேயே முதல் சறுக்கல். பலர் மாணவர்கள் வரும் நாளை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆசிரியர் கூட்டம், கால அட்டவணை பிரிப்பு, புத்தக விநியோகம் என்று அதற்கு முன்பே இரண்டு மூன்று நாள் வரச்சொல்லும் பள்ளிகள் நிறைய. எண்ண வேண்டியது அந்த நாளை. வெயில், தேர்தல், வெள்ளம் என்று ஏதாவது காரணத்துக்காகத் திறப்புத் தேதி முன்னே பின்னே நகர்வதும் உண்டு. போகும் டிக்கெட் மலிவாக, மாற்ற முடியாததாக இருக்கலாம். திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாகத்தான் இருக்க வேண்டும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அது ஒன்றுதான்.

ஒரே நேர மண்டலத்துக்குள் பயணம் என்றால் திரும்பி வந்தபின் மூன்று நாள் கையில் இருந்தால் போதும். ஒரு நாள் தூக்கத்துக்கும் துணி துவைப்பதற்கும், ஒரு நாள் வீட்டு வேலைக்கும் பாக்கிக் கட்டணங்களுக்கும், ஒரு நாள் வகுப்பறைக்கு. முந்தின நாள் இரவு வந்து இறங்கி, காலையில் நேராகப் பள்ளி என்று போடும் திட்டம் ஒரு ரயில் நான்கு மணி நேரம் தாமதமானாலே கவிழ்ந்துவிடும்.

நேர மண்டலங்களைக் கடந்தால் கணக்கு வேறு. உடல் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் தன்னை நகர்த்திக்கொள்ளும். மனித உடலின் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம் என்பதால் பொழுதைப் பின்தள்ளுவது (தாமதமாகத் தூங்கி எழுவது) எளிது, முன்னிழுப்பது (சீக்கிரம் தூங்கி எழுவது) கடினம். மேற்குத் திசைப் பயணத்தில் சீக்கிரம் பழகிவிடுவதும் கிழக்குத் திசைப் பயணம் படுத்துவதும் இதனால்தான்.

ஆசிரியர் வேலைக்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேற்கு நோக்கித் திரும்பி வந்தவருக்கு மாலை ஏழு மணிக்கே கண் சொருகும், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அலுப்புதான், ஆனால் காலையில் மணியடிக்கும் வேலைக்கு அது ஒத்துப்போகும். கிழக்கு நோக்கித் திரும்பியவருக்கோ இரவு இரண்டு மணி வரை தூக்கம் வராது, காலையில் எழவே முடியாது. முதல் பாடவேளை நடத்தப்போகிறவருக்கு இதைவிட மோசமான நிலை இல்லை. போகுமிடத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், வெகுதூரப் பயணத்துக்குக் கிழக்கே போய் மேற்கு நோக்கித் திரும்பும் வழியை எடுங்கள்; கடினமான பழகல் விடுமுறைக்குள்ளேயே முடிந்துவிடும். கிழக்கு நோக்கி எட்டு மணி நேர வித்தியாசத்துடன்தான் திரும்ப வேண்டும் என்றால் வேலை நாளுக்கு ஒரு வாரம் முன்பாவது வந்து சேருங்கள்.

அப்படித் திரும்பும்போது "காலையில் எழுந்ததும் வெயிலில் நட" என்று எல்லோரும் சொல்லும் யோசனை முதல் இரண்டு மூன்று நாள் எதிர்மாறாக வேலை செய்யும். உடல் வெப்பநிலை மிகவும் தாழும் நேரம் வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் வரும். ஆறு மணிக்கு எழுகிறவருக்கு அது ஏறத்தாழ நான்கு மணி. அதற்கு முன் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்தள்ளும், அதற்குப் பின் படுவது முன்னிழுக்கும். எட்டு மணி நேரம் கிழக்கே வந்தவரின் உடலில் நான்கு மணி ஆகும்போது சுவர்க் கடிகாரத்தில் பகல் பன்னிரண்டு. ஆகவே முதல் நாள் நண்பகல் வரை கறுப்புக் கண்ணாடியும் மங்கிய அறையும். நண்பகலுக்குப் பின் நல்ல வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம். மறுநாள் இதைப் பதினொரு மணிக்கு, அடுத்த நாள் பத்து மணிக்கு என்று ஒவ்வொரு மணி நேரமாக முன்னால் கொண்டுவர வேண்டும். ஒரு மணி, இரண்டு மணி வித்தியாசத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை.

எங்கும் போகாதவருக்கும் விடுமுறையில் தூக்கம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்று மீட்டால் எட்டு நாளில் பழைய நிலை. படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுத்தால் விழித்துக்கொண்டு கிடப்பதுதான் மிச்சம். எழும் நேரத்தை முன்னால் கொண்டுவந்தால் படுக்கும் நேரமும் தானாக முன்னால் வரும்.

பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனால் இன்னொரு முனையில் கடைசி வேலை நாள் நிற்கும். அன்றைக்கே பெட்டி கட்டிக் கிளம்புவது வேண்டாம். விடுமுறையின் இரண்டாம் மூன்றாம் நாளில் தொண்டை கட்டிக் காய்ச்சலில் படுப்பது ஆசிரியர்களுக்குப் பழகின விஷயம். விடைத்தாள் திருத்திய வாரங்களின் தூக்கக்குறைவு ஒருபக்கம். இருமும் தும்மும் வகுப்பறை இன்னொருபக்கம். சளித் தொற்று உள்ளே நுழைந்து தலைகாட்ட ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். கிளம்புவதற்கு முன் நான்கு நாள் வீட்டில் கிடப்பது வீண் அல்ல. மதிப்பெண் பதிவில் பிழை என்று அலுவலகத்திலிருந்து வரும் அழைப்பும் பெரும்பாலும் அந்த நான்கு நாளுக்குள் வந்து போய்விடும்.

வெளிநாட்டுப் பயணத்துக்குத் தடுப்பூசி தேவையென்றால் நான்கு முதல் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆசிரியருக்கு அந்த ஆறு வாரமும் தேர்வுக் காலத்தின் நடுவில் வந்து விழும், அதனால்தான் விட்டுப்போகிறது. மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் ஊசி போட்ட பத்து நாளுக்குப் பிறகே செல்லுபடியாகும். தேர்வு அட்டவணை கைக்கு வந்த அன்றே இதையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

வகுப்பறையை மூடிவிட்டுப் போகும் விதத்தில்தான் திரும்பி வரும் முதல் நாளின் பாதி நிம்மதி இருக்கிறது. வெள்ளைப் பலகையை ஈரத்துணியால் முழுக்கத் துடையுங்கள். எழுத்து வாரக்கணக்கில் இருந்தால் பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டதென்றால் அதன் மேலேயே புது மார்க்கரால் எழுதி, காய்வதற்குள் துடையுங்கள். புது மையிலுள்ள கரைப்பான் பழைய மையையும் இளக்கிக்கொண்டு வரும். சுவர்க் கடிகாரம், ரிமோட், லேப் மல்டிமீட்டர் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியைக் கழற்றுங்கள். அல்கலைன் பேட்டரி கசிந்தால் வெள்ளையாகப் பூக்கும், அது காரம். கையுறை போட்டுக்கொண்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும், ஆனால் உலோக முனை அரித்துப் போயிருந்தால் கருவியே வீண். நுண்ணோக்கியைக் காற்றுப் புகாத ஈரமான அலமாரிக்குள் பூட்டினால் லென்ஸில் பூஞ்சை ஏறும். பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். தரையில் காகிதக்கட்டு எதுவும் வேண்டாம். கடைசியாக, திறந்த அலமாரி ஒவ்வொன்றையும் போனில் ஒரு படம் எடுங்கள். கோடையில் வெள்ளையடிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் இடம் மாற்றியிருப்பார்கள்.

உங்களுக்கு நீங்களே ஒரு பக்கக் கடிதம் எழுதி மேசைக்குள் வைப்பது மிகவும் பயன்படும். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுமாறினார்கள், எந்த அலகை அவசரத்தில் ஓட்டினோம், என்ன பொருள் தீர்ந்தது, எந்தச் சாவி யாரிடம். இது இன்னும் நினைவில் இருக்கும்போதே எழுத வேண்டியது. இரண்டு மாதம் கழித்து "போன வருஷம் நன்றாகத்தான் போச்சு" என்பதற்குமேல் எதுவும் நினைவுக்கு வராது.

கடவுச்சொல்லை மறக்காதீர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச்சொல்லும் பள்ளிக் கணக்குகள் விடுமுறைக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். கிளம்பும் முன் புதிதாக மாற்றிவிட்டுப் போங்கள். ஓ.டி.பி. வரும் சிம்மைக் கழற்றிவிட்டு வெளிநாட்டு சிம் போட்டால் பள்ளிக் கணக்கும் வங்கியும் சேர்ந்தே கைவிட்டுப் போகும். இரண்டு சிம் போடும் போன் ஒரு வழி. ஓ.டி.பி.க்குப் பதிலாகப் போடக்கூடிய மாற்றுக் குறியீடுகளை முன்கூட்டியே காகிதத்தில் எடுத்துவைப்பது இன்னொரு வழி. பள்ளிச் சாவி, பள்ளி மடிக்கணினி, திருத்தாத விடைத்தாள் ஆகியவை பயணத்துக்கு வரவே கூடாது. விடைத்தாள் கட்டு தொலைந்தால் பதில் சொல்ல முடியாது.

வழியில் பாடத்துக்குப் பொருள் சேர்ப்பது ஆசிரியர்களின் தீராத ஆசை. இரண்டாயிரம் படத்தோடு வந்து வகுப்பில் ஒன்றைக்கூடக் காட்டாமல் போவதும் வழக்கம். கிளம்பும் முன்பே அடுத்த ஆண்டின் மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்த மூன்றுக்கு மட்டும் தேடுங்கள், மற்ற நேரம் ஊர் பாருங்கள். படம் எடுக்கும்போது அளவு தெரிய ஒரு பேனாவைப் பக்கத்தில் வையுங்கள், உங்கள் முகம் வேண்டாம். அருங்காட்சியகத்தில் அனுமதியிருந்தால் முதலில் விவரப் பலகையை, அடுத்துப் பொருளைப் படமெடுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் பின்னால் எது எது என்று குழம்பாது. இரவு படுக்கும் முன் பத்து நிமிடம்: இடம், தேதி, நேரம், எந்தத் திசை நோக்கி எடுத்தது. மொழியாசிரியருக்குப் பெயர்ப்பலகைகளும் ரயில் நிலைய அறிவிப்பின் ஒலிப்பதிவும், கணித ஆசிரியருக்கு ரயில் கால அட்டவணையும் பயணச்சீட்டும் போதும். தூரம்–நேரம் வரைபடத்தில் நிற்கும் நிலையம் ஏன் கிடைக்கோடாக வருகிறது என்று ஒரு பாடவேளையே ஓட்டலாம்.

அறிவியல், புவியியல் ஆசிரியருக்குப் பயணமே ஆய்வுக்கூடம். செலவே இல்லாதது பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி. மலையுச்சியில் காலிப் புட்டியை இறுக மூடி, உயரத்தை மார்க்கரால் எழுதிக் கீழே கொண்டுவந்தால் நசுங்கியிருக்கும். 3000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான். மலைக்குப் போகாதவர் விமானத்திலேயே செய்யலாம். பறக்கும்போது உள்ளறையின் அழுத்தம் சுமார் 1800 முதல் 2400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்பட்டிருக்கும். நடுவானில் மூடிய புட்டி தரையிறங்கும்போது தானாகச் சுருங்கும். இதில் வெப்பநிலை குறுக்கே வரும். வெயிலில் காய்ந்த புட்டியை மூடிக் குளிர்ந்த அறையில் வைத்தாலும் நசுங்கும்தான். மூடும்போதும் காட்டும்போதும் வெப்பநிலையைக் குறிக்கவில்லை என்றால் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை அதைக் கேட்டே தீரும். தண்ணீரின் கொதிநிலை சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஒரு சிறிய டிஜிட்டல் சமையல் வெப்பமானி இருந்தால் அதையும் காட்டலாம். பாதரச வெப்பமானியை விமானத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

நிழல் அளப்பது இதைவிட ருசியான வேலை. கிரேக்க அறிஞர் எரடோஸ்தனீஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் செய்ததுதான்: தெற்கே சையீனில் (இன்றைய அஸ்வான்) உச்சிவேளையில் நிழல் விழாத அன்று அலெக்சாண்டிரியாவில் சூரியன் உச்சியிலிருந்து வட்டத்தின் 50-ல் ஒரு பங்கு, அதாவது 7.2 டிகிரி விலகியிருந்தது. அதிலிருந்து பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். நீங்கள் போன இடத்தில் ஒரு மீட்டர் கம்பை நட்டு நண்பகல் நிழலை அளங்கள். ஊரில் சக ஆசிரியர் ஒருவர் அதே நாளில் அளக்கட்டும். நிழலின் நீளத்தைக் கம்பின் நீளத்தால் வகுத்தால் வருவது, சூரியன் உச்சியிலிருந்து விலகிய கோணத்தின் டேன்ஜென்ட் (tan). நிழல் 36.4 செ.மீ. என்றால் கோணம் 20 டிகிரி. இரண்டு கோணங்களுக்கும் வித்தியாசம் 5 டிகிரி என்றால் வடக்கு–தெற்காக இடைவெளி சுமார் 555 கி.மீ., ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. வீதம்.

தவறுவது நான்கு இடங்களில். கடிகாரத்தின் பன்னிரண்டு மணி நண்பகல் அல்ல. நிழல் மிகக் குறுகும் நேரமே நண்பகல், அதைப் பிடிக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருக்க வேண்டும். கம்பு ஒரு டிகிரி சாய்ந்தாலே கணக்கு 111 கி.மீ. பிசகும், தூக்குக்குண்டு கட்டிச் சரிபாருங்கள். சூரியன் அரை டிகிரி அகலமுள்ள வட்டு என்பதால் நிழலின் நுனி மங்கலாக இருக்கும். கம்பின் உச்சியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டினால் தரையில் வெளிச்சப் புள்ளி விழும், அதன் நடுவை அளக்கலாம். கடைசியாக, வெப்பமண்டலப் பகுதியில் சூரியன் சில மாதம் வடக்கே நிற்கும். ஓரிடத்தில் நிழல் வடக்கேயும் மற்றதில் தெற்கேயும் விழுந்தால் கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். சக ஆசிரியர் அதே நாளில் அளக்க முடியாவிட்டால், ஜூன் 21-க்கு ஐந்து நாள் முன்பின்னாக அளக்கலாம். அந்த நாட்களில் சூரியனின் இடம் பத்தில் ஒரு டிகிரிகூட மாறாது. மார்ச், செப்டம்பரில் ஒரே நாளில் 0.4 டிகிரி நகர்ந்துவிடும்.

பவளம், சங்கு, விதை, மண் ஆகியவற்றை "வகுப்புக்குக் காட்ட" என்று பையில் போடாதீர்கள். பவளமும் சில சங்கு இனங்களும், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. மண்ணும் விதையும் பல நாடுகளின் தாவரத் தடைக்காப்பு (பயிர் நோய், பூச்சி உள்ளே வராமல் தடுக்கும்) விதிகளில் சிக்கும். ஆசிரியர் என்று சொன்னால் சுங்க அதிகாரி சிரிப்பார், விடமாட்டார். போகும் ஊரின் பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோரைக் கேட்காமல் படமெடுத்து நம் வகுப்பில் காட்டுவதும் சரியல்ல. நம் பள்ளிக்குள் யாரோ வந்து அப்படிச் செய்தால் நாம் விடுவோமா?

இனி குரல். ஆறேழு வாரம் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு முதல் நாளே ஐந்து மணி நேரம் உரக்கப் பேசினால் மூன்றாம் நாள் குரல் கம்மும். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தினம் சத்தமாக வாசியுங்கள்: முதல் நாள் பத்து நிமிடம், மறுநாள் இருபது என்று ஏற்றிக்கொண்டு போகலாம். உறிஞ்சுகுழலை (ஸ்ட்ரா) தண்ணீரில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு, 'ஊ' என்று குரல் கொடுத்தபடி குமிழ் விடுவது நல்ல பயிற்சி. ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. தொண்டையைச் செருமுவதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். குரல் கம்மினால் கிசுகிசுக்காதீர்கள், அதுவும் குரல்வளைக்குச் சிரமம்தான். மெல்லப் பேசுங்கள், அல்லது பலகையில் எழுதுங்கள். நான்கு வாரமாகியும் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயணத்தில் வாங்கிய புதுச் செருப்பை முதல் நாள் போட்டுக்கொண்டு நிற்பதும் வேண்டாம்.

மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்தவர்கள் தடுப்பு மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. டாக்ஸிசைக்ளின், மெஃப்ளோகுயின் இரண்டையும் திரும்பியபின் நான்கு வாரம் தொடர வேண்டும். பள்ளி திறந்த பரபரப்பில் காய்ச்சல் வந்தால் "கிளாஸ்ல ஒட்டிக்கிச்சு" என்று தள்ளிவிடாமல், எங்கே போய்வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பிள்ளைகள் நடுவே போகக் கூடாது.

பெட்டி வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதிக்கொடுங்கள். 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதத்துக்கான எழுத்துப் புகாரைப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதத்துக்கானதை 21 நாளுக்குள் தர வேண்டும். திறப்பு வாரப் பரபரப்பில் ஏழு நாள் ஓடியே போகும். முதல் நாளுக்கான உடையைத் தேய்த்து வீட்டிலேயே மாட்டிவிட்டுக் கிளம்பியிருந்தால் பெட்டி வராத கவலையில் பாதி குறையும்.

முதல் வாரம் நாற்பது பெயர்கள். பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் ஏறாது; மூடி வைத்துவிட்டு முகம் பார்த்துச் சொல்லிப்பார்த்தால்தான் ஏறும். ஏழெட்டுப் பேராகப் பிரித்து, இருக்கை வரைபடத்தோடு, அன்று மாலை, மறுநாள் காலை, அதற்கு மூன்றாம் நாள் என்று இடைவெளி விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள். பெயர் வரும்வரை யாரையும் இடம் மாற்றி உட்காரவைக்க வேண்டாம்.

"விடுமுறையை எப்படிக் கழித்தாய்" கட்டுரையை நிறுத்திவிடலாம் என்பது எங்கள் கருத்து. எங்கும் போகாத, போக முடியாத பிள்ளைக்கு அது தண்டனை. அதற்குப் பதில், இந்தக் கோடையில் பார்த்தோ செய்தோ கற்றுக்கொண்ட ஒரு வேலையின் படிகளை எழுதச் சொல்லுங்கள்: மிதிவண்டிச் செயின் மாட்டியது, தம்பியைத் தூங்கவைத்தது, எதுவானாலும். ஆனால் முதல் வாரத்தில் அதைச் சேகரித்துத் திருத்த உட்காராதீர்கள்; ஒரு தாளுக்கு ஆறு நிமிடம் என்றாலும் நாற்பது தாளுக்கு நான்கு மணி நேரம். பக்கத்துப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும், செய்து பார்க்க முடிகிறதா என்று அந்தப் பிள்ளை சொல்லட்டும். உங்கள் பயணக் கதைக்கு முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். நசுங்கிய புட்டியை மட்டும் மேசைமேல் வைத்துவிடுங்கள், விளக்கம் வேண்டாம். காற்றழுத்தப் பாடம் வரும் மாதம்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

முதல் சனிக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, படங்களை அந்த மூன்று பாடங்களின் பெயரில் மூன்று கோப்புறைகளாகப் பிரித்து, அந்தந்தப் பாடக்குறிப்பின் ஓரத்தில் குறித்துவிடுங்கள். அப்படியே பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். போகும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கும் நாடுகள் பல. தேதி நெருங்கியிருந்தால் இந்தப் பருவத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வு தொடங்கிவிட்டால் அலுவலக வரிசையில் நிற்க நேரம் கிடைக்காது.